சாட்சிப் பூட்டு

பைய மேல வைக்கவா? வேண்டாம் அண்ணாச்சி, மடியிலயே இருக்கட்டும். உங்களுக்கு இடைஞ்சலா இருந்தா சொல்லுங்க, இன்னும் கொஞ்சம் ஒதுங்கிக்கிடுதேன். உள்ள பலகாரம் எல்லாம் இல்ல. ஒரு பூட்டு. உடைஞ்ச பூட்டு. சிரிக்காதீங்க, சாட்சிப் பொருள். மேல ஒட்டுன பேப்பர் கூடக் கிழியல, பாத்தியளா? என் கையெழுத்து, ரவுண்டு சீல், தேதி. பூட்டத்தான் உடைக்க முடிஞ்சுது, என் கையெழுத்த ஒண்ணும் செய்ய முடியல.

ஜங்ஷன் போக இன்னும் ஒண்ணேகால் மணி நேரம் கிடக்கு. பன்னெண்டு மணிக்கு விசாரணை. அங்க போயி சொல்லப் போறத உங்ககிட்ட ஒரு தடவ சொல்லிப் பாத்துக்கிடுதேன். உங்களுக்கும் பொழுது போகும்.

நான் பிரமநாயகம். பூவரசன்குளம் கவர்மெண்ட் ஆஸ்பத்திரியில ஸ்டோர் கீப்பர். இருபத்தேழு வருஷ சர்வீஸ். இந்த இருபத்தேழு வருஷத்துல ஸ்டோர்ல ஒரு குண்டூசி தொலைஞ்சுதுன்னு எவனும் சொல்ல முடியாது. டாக்டர்மார் வருவாவ, போவாவ. நோயாளி வருவான், போவான், சில பேரு மொத்தமாவே போயிருவான். குண்டூசி வச்ச இடத்துல இருக்கும். அப்படிப்பட்டவனுக்குப் பதினேழு பி குடுத்திருக்காவ. பதினேழு பி தெரியும்லா? "உம்மேல ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது"ன்னு கவர்மெண்டு நம்மகிட்ட மரியாதையாக் கேக்குற கடுதாசி.

முதல்ல இருந்தே சொல்லுதேன். கொரோனா வந்த அன்னைக்கு எங்க ஆஸ்பத்திரியில என்ன இருந்துது? ஆறு சிலிண்டர், அரை பாட்டில் டெட்டால், சுத்தாத ஒரு ஃபேன். ஜனங்க கை தட்டுனாவ. விளக்கேத்துனாவ. ஒருநாள் ஆஸ்பத்திரி வாசல்ல பூவே தூவுனாவன்னா பாத்துக்கிடுங்க. அந்தப் பூவப் பெருக்கி அள்ளுனது மாசானம். மாசானம்னா எங்க துப்புரவு வேலைக்காரன். ஏஜென்சி மூலமா வந்தவன். ரெண்டு அலையிலயும் செத்தவங்களச் சுத்திக் கட்டி வண்டியில ஏத்துனது பூரா அவன்தான். பெத்த பிள்ளையளே கேட்டுக்கு வெளிய நின்னு கும்பிட்டுட்டுப் போன நேரம் அது. அவன் ஒத்தையில தூக்குவான்.

பொறவு ஜெபசீலின்னு ஒரு நர்சு. கொரோனாவுக்குன்னே ஆறு மாச ஒப்பந்தத்துல எடுத்து, இன்னைக்கு வரைக்கும் ஆறாறு மாசமா நீட்டிக்கிட்டு வர்ற பிள்ள. அவ குடியிருந்த வீட்டுக்காரரு, மொட்டை மாடியில நின்னு ஊருல எல்லாரும் ஓஞ்ச பொறவும் ரெண்டு தட்டு கூடத் தட்டுனாரு. மறுநாள் காலையில வீட்டக் காலி பண்ணச் சொல்லிட்டாரு. நோயக் கொண்டாந்துருவாளாம். அந்தப் பிள்ள ஒரு மாசம் ஊசி போடுற ரூம்லதான் படுத்துக் கிடந்துது.

நானா? நானும் முன்களப் பணியாளர்தான் அண்ணாச்சி. ஸ்டோர் ஜன்னல்ல நீளமா ஒரு பிளாஸ்டிக் குழாயப் பொருத்தி, மாஸ்க்கு, கையுறை எல்லாத்தையும் அது வழியாத்தான் வெளிய தள்ளுனேன். ஒரு வருஷம் கதவத் திறக்கவே இல்ல. அந்தச் சேவையப் பாராட்டிச் சான்றிதழ் வந்துது. பிரேம் போட்டு டிவிக்கு மேல மாட்டியிருக்கேன்.

மாசானத்துக்கு வரல. பட்டியல் தயார் பண்ணது நான்தான், அதனால சொல்லுதேன். விதி அப்படி. ஏஜென்சி ஆளு ஆஸ்பத்திரி ஊழியர் கிடையாது. பொணம் ஆஸ்பத்திரிப் பொணம், தூக்குனவன் ஏஜென்சி ஆளு. இதுல நான் என்ன செய்ய?

சரி, நோயும் ஒரு வழியாப் போச்சு. போன பொறவு வந்துது பாருங்க மானியம்! நோய் இருக்கையில கேட்டுக் கேட்டு எழுதுனோம், பைல் போயிக்கிட்டே இருந்துது. நோய் ஊர விட்டுக் கிளம்பவும் பைல் ஊருக்குள்ள வரவும் சரியா இருந்துது. ஆஸ்பத்திரிய வலுப்படுத்துற மானியமாம், பணியாளரத் தாங்கிப் புடிக்கிற மானியமாம். லாரி லாரியா எறங்குது. முகத்துல மாட்டுற கண்ணாடித் தாள் ரெண்டாயிரம். பொணம் வைக்கிற ஐஸ் பெட்டி ரெண்டு. கை கழுவுறது எப்படின்னு படம் போட்ட போர்டு முப்பத்தாறு, அதுல பன்னெண்டு எந்த ஊரு பாஷைன்னு இன்னைக்கு வரைக்கும் எங்களுக்குத் தெரியல. அதையும் மாட்டி வச்சிருக்கோம். கை கழுவுறதுக்குப் பாஷை எதுக்கு? குழாயில தண்ணிதான் வேணும், அது மானியத்துல வராது.

அதோட வந்துது பத்து ஆக்சிஜன் மிஷின். சிலிண்டர் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். கரண்டுல சொருகி சுவிட்ச போட்டா, ரூம்ல இருக்கிற காத்த இழுத்து ஆக்சிஜனாப் பிரிச்சுக் குடுத்துரும். சக்கரம் வச்சது. வெள்ளை வெளேர்னு கல்யாணச் சீர் மாதிரி இருக்கும். வாசல்ல கல்வெட்டு வச்சாவ. ஒண்ணு மேல ஒண்ணா நாலு மிஷின அடுக்கினாலும் அந்தக் கல்லு உசரம் வராது.

இப்பதான் கவனமாக் கேக்கணும். மானியத்துல வந்த சாமான, மேல இருந்து ஒரு டீம் வந்து பாத்து, போட்டோ புடிச்சு, "சரியா இருக்கு"ன்னு எழுதணும். எழுதுனாத்தான் அடுத்த தவணை. டீம் வர்ற வரைக்கும் மிஷின் புதுசு குலையாம இருக்கணும்னு எங்க பெரிய டாக்டர் சொல்லிட்டாரு. என்கிட்டச் சொன்னா அப்புறம் பேச்சே கிடையாது. பிளாஸ்டிக் கவரப் பிரிக்கல. ஒண்ணுல இருந்து பத்து வரைக்கும் நம்பர் ஒட்டுனேன். ஏழு லிவர் பூட்டப் போட்டேன், மேல பேப்பர் ஒட்டிக் கையெழுத்துப் போட்டேன். டீம் பங்குனியில வாரோம்னாவ. வரல. ஆடியில வாரோம்னாவ. வரல. எனக்கு என்ன? நான் எங்கயும் போகப் போறதில்ல, மிஷினும் போகப் போறதில்ல.

ஆனா ஒண்ணு, சும்மா பூட்டி வச்சிட்டு உக்காந்திருந்தேன்னு நினைச்சிராதீங்க. மிஷின் கூட வந்த புஸ்தகத்துல, மாசம் ஒரு தடவையாவது ஓட விடணும், இல்லேன்னா கெட்டுப் போயிரும்னு போட்டிருக்கு. மாசம் ஒண்ணாந்தேதி ஆனா சீலப் பிரிப்பேன், உள்ள போயி கதவச் சாத்திக்கிட்டு, கவர் கசங்காம லேசாத் தூக்கி, ஒவ்வொண்ணாப் போடுவேன். பத்தும் சேந்து ஓடும் பாருங்க, உர்ருன்னு ஒரு சத்தம், கோயில் உள்பிரகாரத்துல நிக்கிறாப்புல இருக்கும். நடுவுல ஒரு ஸ்டூலப் போட்டு உக்காந்துருவேன். பத்து மிஷினும் ஆக்சிஜன அந்த ரூம்லதான விடுது? கால்மணி நேரம் இருந்துட்டு வெளிய வந்தா நமக்கே ஒரு தெம்பு. ஒரு சளி, ஒரு தும்மல் கிடையாது அண்ணாச்சி அந்த வருஷம் பூரா! ஆயுத பூஜைக்குப் பத்துக்கும் சந்தனம், குங்குமம் வச்சேன். கவருக்கு மேலதான்.

இந்த மாசானம் இருக்கான்லா, அவனுக்குக் கொரோனா ரெண்டு தடவ வந்துட்டுப் போச்சு. போகையில நுரையீரல்ல பாதிய எடுத்துக்கிட்டுப் போயிட்டு. நாலு தப்படி நடந்தா நின்னு மூச்சு வாங்குவான். அதோட வேலைக்கும் வருவான், வராட்டா ஏஜென்சிக்காரன் ஆள மாத்திருவான். பேச்சும் அப்படித்தான். ஒரு வாக்கியத்த மூணாப் பிச்சு மூணு மூச்சுல சொல்லுவான். எனக்கு அந்த அளவுக்குப் பொறுமை கிடையாது. "எழுதிக் குடுல"ன்னுட்டுப் போயிருவேன். அவனுக்கு எழுதத் தெரியாது, அது வேற விஷயம்.

கார்த்திகையில நல்ல மழை. பாலத்துக்கு மேல தண்ணி, சிலிண்டர் வண்டி வரல. மத்தியானம் பன்னெண்டே முக்கால் இருக்கும். வார்டு கழுவிக்கிட்டு இருந்த மாசானம் அப்படியே உக்காந்துட்டானாம், உதடு நீலம் பாரிச்சுப் போச்சாம். ஜெபசீலி ஓடி வாரா. "சார், ஒரு மிஷின் குடுங்க"ங்கா. நான் கோவப்படல. பொறுமையாத்தான் சொன்னேன். "குடுக்கலாம்மா. கேட்புச் சீட்டு எழுது, டாக்டர் கையெழுத்து வாங்கு"ன்னேன். டியூட்டி டாக்டர் முகாமுக்குப் போயிட்டாவளாம். பெரிய டாக்டருக்கு நானே போன் போட்டேன், எடுக்கல, மீட்டிங்கு. மானியத்த எப்படிச் சிறப்பாப் பயன்படுத்துறதுன்னுதான் மீட்டிங்கு. "அப்ப டாக்டர் வரட்டும்மா"ன்னேன். அந்தப் பிள்ள அழுவுது, கையெடுத்துக் கும்பிடுது. மணி ஒண்ணு ஆயிட்டு. எனக்குச் சுகர் இருக்கு அண்ணாச்சி, ஒரு மணிக்குச் சாப்பிட்டே ஆவணும். பூட்டி, சீல் சரியா இருக்கான்னு பாத்துட்டு வீட்டுக்குப் போனேன்.

அன்னைக்குப் புளிக்குழம்பு. நான் சாப்பிட்டுட்டு வந்து பாக்கேன், பூட்டு தரையில கிடக்கு! சிலிண்டர் திருகுற ஸ்பானரால அடிச்சு ஒடைச்சிருக்கா. உள்ள நாலாம் நம்பர் மிஷினக் காணல. கவரப் பிச்சு மூலையில எறிஞ்சிருக்கு, சந்தனப் பொட்டோட. ஓடிப் போயி வார்டுல பாத்தா, மாசானம் மூக்குல குழாயோட படுத்திருக்கான், மிஷின் ஓடுது. அவ ஸ்டூல்ல உக்காந்து அவன் கைய நாடி புடிச்சிக்கிட்டு இருக்கா. என்னப் பாத்து எந்திரிக்கக் கூட இல்ல. எனக்கு அழுகையே வந்துட்டு. அவனுக்காக இல்ல, அவன்தான் மூச்சு விட ஆரம்பிச்சுட்டானே! அந்தப் பூட்டப் பாத்துத்தான்.

அன்னைக்கு சாயங்காலமே புகார் எழுதுனேன். ஆறு காப்பி. ஆறு ஆபீசு. பதிவுத் தபால்.

மறுநாள் காலையில யாரு வந்து நிக்கான்னு நினைக்கிய? டீம்! ஒன்றரை வருஷமா வராத டீம். நான் ஸ்டோரக் காட்டுனேன். ஒன்பது மிஷின் கவரோட ஜம்முன்னு இருக்கு. ஒரு பய ஏறெடுத்துப் பாக்கணுமே! நேரா வார்டுக்குப் போயிட்டாவ. நாலாம் நம்பர் ஓடுதா, அதப் பாத்துட்டு ஒரே சந்தோசம். மாசானத்தச் சாய்ச்சு உக்கார வச்சு, தலை சீவி விட்டுப் போட்டோ புடிச்சாவ. கீழ என்ன எழுதுனாவ தெரியுமா? "மானியத்தால் மறுவாழ்வு பெற்ற சுகாதாரப் பணியாளர்." பட்டியல்ல வராதவன் போட்டோவுல பணியாளர் ஆயிட்டான். பெரிய டாக்டருக்குக் கை குலுக்கி, அடுத்த தவணைக்கும் எழுதிட்டாவ.

டாக்டர் என்னத் தனியாக் கூப்பிட்டு, "ஓய், அந்தப் புகார வாபஸ் வாங்கிரும்"ங்காரு. எப்படி வாங்க? ஆறு ஆபீசுல எண் போட்டுப் பதிவாயிட்டு. அது நடக்க ஆரம்பிச்சுட்டா நிக்காது. நேரா வந்து, பூட்ட உடைச்சவ மேல ஒரு பைல், பூட்டக் காக்காதவன் மேல ஒரு பைல்னு ரெண்டாப் பிரிஞ்சு நிக்குது. காக்காதவன் நானாம்! இன்னைக்கு எனக்கு விசாரணை, நாளைக்கு அவளுக்கு. அவ ஒப்பந்தம் இந்த மாசம் முப்பத்தொண்ணோட முடியுது. நான் சொல்றத வச்சுத்தான் நீட்டிப்பாவளா, வீட்டுக்கு அனுப்புவாவளான்னு இருக்கு. தகப்பன் இல்லாத பிள்ள, தம்பி ஒருத்தன் படிக்கான்னு வேற சொல்லுதாவ.

"சாவிய நான்தான் குடுத்தேன், பூட்டு ஏற்கனவே பழுதுன்னு ஒத்த வரி சொல்லும் ஓய், ரெண்டு பைலும் மூடிரும்"ங்காரு டாக்டர். எப்படி இருக்கு பாருங்க நியாயம்! என் பூட்டு பழுதா? பழுதான பூட்டப் போட்டுட்டா நான் சோறு திங்கப் போவேன்? முடியாதுன்னுட்டேன். உடைஞ்ச பூட்டோட வந்து உண்மையச் சொல்லுவேன்னுட்டேன். மாசானம் தேறி வீட்டுக்குப் போனதும் நாலாம் நம்பரக் கொண்டாந்து மத்த ஒன்பதோட வச்சு, புதுப் பூட்டுப் போட்டு, மறுபடி சீல் வச்சிட்டேன். விசாரணை முடியுற வரைக்கும் சாட்சிப் பொருள் இருந்தபடியே இருக்கணும்லா? திறந்து விடும்னாரு டாக்டர். எழுத்துல குடுங்கன்னேன். எழுத்துன்னு சொன்னா அவருக்கு உடனே மீட்டிங் வந்துரும்.

முந்தாநாள் இந்த மாசானம் வீட்டு வாசல்ல வந்து நிக்கான். அரை மைல் நடந்தே வந்திருக்கான். கேட்டப் புடிச்சுக்கிட்டு, "ஐயா..." ஒரு மூச்சு. "அந்தப் பிள்ளைய..." இன்னொரு மூச்சு. நான் எவ்வளவு நேரம் நிக்க? டிவியில செய்தி ஓடிக்கிட்டு இருக்கு. "எதுவா இருந்தாலும் விசாரணையில சொல்லு"ன்னுட்டுக் கதவச் சாத்திட்டேன். அதுல இருந்து என் வீட்டுக்காரி எங்கூடப் பேச மாட்டேங்கா. சாப்பாட்ட வைக்கா, போயிருதா.

இருங்க, போன் அடிக்குது. பாருங்க, அந்த ஜெபசீலியேதான்! நாளைக்கு விசாரணைய வச்சுக்கிட்டு இன்னைக்குக் கெஞ்சப் போறா. பஸ் சத்தத்துல ஒண்ணும் கேக்காது, ஸ்பீக்கர்ல போடுதேன்.

சொல்லும்மா. ஆமா, பஸ்ஸுலதான் இருக்கேன். என்னது? மாசானமா? மறுபடியுமா? ஏன், சிலிண்டர் இல்லியா? மிச்சம் இருந்த ரெண்டும் பிரசவ வார்டுலயா? டாக்டர் எங்க? ஓகோ. சாவியா? சாவி எங்கிட்ட இருக்கும்மா, இடுப்புல. நான் பாதி தூரம் வந்துட்டேன். இப்ப எறங்கி எதிர் பஸ்ஸப் புடிச்சாலும் ஒரு மணி நேரம் ஆகுமே... ஏ பிள்ள, லெட்டர் ஒண்ணு எழுதி... கேக்கியா? ஏ ஜெபசீலி!

கட் பண்ணல அண்ணாச்சி. போன எங்கேயோ கீழ வச்சிட்டா. கேக்குதா உங்களுக்கு? டங்கு டங்குன்னு. அது என் பூட்டு. புதுசு. அது உடையாது. நானே பாத்துப் பாத்து வாங்கினேன், எவன் அடிச்சாலும் உடையாது. அடிக்கா... இன்னும் அடிக்கா... அங்க யாரோ இழுத்து இழுத்து மூச்சு விடுறது கேக்குது, அது அவன்தான். கதவு பக்கத்துலயே கொண்டாந்து போட்டிருக்காவ போல. எப்படி இழுக்கான் பாருங்க.

ஏ பிள்ள! ஏய், பூட்ட அடிக்காத! அது உடையாது! நாதாங்கியப் பாரு, நாதாங்கி! ஆணி துருப் புடிச்சுக் கிடக்கும், மூணு வருஷமா மாத்தித் தாங்கன்னு எழுதிக்கிட்டு இருக்கேன், எவன் தந்தான்? ஸ்பானர அதுக்குள்ள விட்டு நெம்பு! கீழ இருந்து, கீழ இருந்து நெம்பும்மா! ஆங்.

வந்துட்டு. கேட்டியளா, நாதாங்கியோட பேந்து வந்துட்டு. பூட்டு உடையல. நாலாம் நம்பர எடும்மா, கவர் இல்லாதது அதுதான், சட்டுனு சொருகலாம். வலது பக்கம் சுவிட்சு.

உஸ். பேசாதீங்க அண்ணாச்சி. கேளுங்க... உர்ருங்குதுல்லா? அதுதான். ஒரே சுவிட்சுல புடிச்சிட்டு பாத்தியளா? மாசாமாசம் நான் ஓட்டி வச்சதாலதான். இத எவனாவது எந்த ரிப்போர்ட்லயாவது எழுதுவான்னு நினைக்கிய? எழுத மாட்டான்.

இருக்கேம்மா, லைன்லதான் இருக்கேன். அவன்கிட்ட எதுக்குக் குடுக்கே? பேசச் சொல்லாத, மூச்சு வாங்கட்டும். அரை மணி நேரம் போகட்டும். நான் வைக்கல. வைக்க மாட்டேன். சும்மா இந்தச் சத்தத்தக் கேட்டுக்கிட்டு இருக்கேன்.

என்ன அண்ணாச்சி, பாலம் தாண்டிட்டமா? ஜங்ஷன் வந்துரும் இனி.

சொல்லுல மாசானம். ம். ம்... சரிடே. வச்சிரு, படு.

கேட்டியளா என்ன சொன்னான்னு? "ஐயா, அந்தப் பிள்ளைய ஒண்ணும் சொல்லிராதீங்க, அவ வேலைய எடுத்துராதீங்க"ன்னான். ஒரே மூச்சுல, அண்ணாச்சி. முந்தாநாள் கேட்டுல நின்னு ஆரம்பிச்சானே, அதே வாக்கியந்தான். இன்னைக்கு முழுசா முடிச்சிட்டான். மூணு வருஷத்துல அவன் ஒரு வாக்கியத்த ஒரே மூச்சுல முடிச்சு நான் இன்னைக்குத்தான் கேக்கேன்.

ச்சே, இந்தப் பஸ்ஸுல என்ன தூசி. கண்ணெல்லாம் எரியுது.

நான் பொய் சொல்ல மாட்டேன்னு சொன்னேன்லா. சொல்ல மாட்டேன்தான். ஆனா நேத்து வரைக்கும் அந்த வரி வாயில வரவே மாட்டேன்னுச்சு. இப்ப வருதான்னு பாப்போம், கேளுங்க. "சாவிய நான்தான் குடுத்தேன்." வருது. "பூட்டு... பூட்டு ஏற்கனவே பழுது." இது கொஞ்சம் தொண்டையில நிக்குது. நல்ல பூட்டு அண்ணாச்சி. இன்னொரு தடவ சொல்லிப் பாக்கேன். "பூட்டு ஏற்கனவே பழுது." சரி, பரவால்ல. காமிங்கன்னு கேட்டா? வழியில தொலைஞ்சுட்டுன்னு சொல்லணும். இருபத்தேழு வருஷத்துல முதல் தடவையா ஒரு சாமான் தொலைஞ்சுட்டுன்னு என் கையாலயே எழுதணும். எழுதுதேன். கவர்மெண்ட் பஸ்ஸுல என்னதான் தொலையாது?

ஏ கண்டக்டர், ஜங்ஷன் ஒரு ஆள் எறக்கம்! வாரேன் அண்ணாச்சி, காலக் கொஞ்சம் மடக்குங்க. உங்களுக்கு நல்லாப் பொழுது போயிருக்கும்.

என்ன, சீட்டுக்கு அடியில பையா? எந்தப் பை?